போர்க்கைதிகள் பலகை: "மண்டியிடாத ஆண்மை" என்ற தலைப்பு நிற்குமா?

1. மூணாங்கட்டை

வணக்கம். சிலிம் ரிவர் கோயில் மண்டபத்தில் வைக்கும் பலகைகளில் ஐந்தாவது, இரண்டாம் உலகப்போரில் மலாயாவில் ஜப்பானிடம் பிடிபட்ட போர்க்கைதிகள் பற்றியது. நான்கடிக்கு மூன்றடி, வாசகம் 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. முதல் நகல் இது. தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள்.

"மண்டியிடாத ஆண்மை. 1942 ஜனவரி 7 விடியுமுன், துரோலாக்கிலிருந்து சிலிம் ஆற்றுப் பாலம் நோக்கி ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்தன. சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் 11வது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் சிதறின. 3,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். போர்க்கைதிகளைப் பற்றிய ஜெனிவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திடாததால் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அடிக்கு அஞ்சாமல், பசிக்குப் பணியாமல், ஆண்மகனாக நின்றார்கள்."

2. பெரட்டு

முதலில் ஜெனிவா. 1929 ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது, அதை உறுதிப்படுத்தத்தான் இல்லை. போர் தொடங்கியபின் 1942-ல், தேவையான மாற்றங்களோடு அதன்படி நடப்போம் என்று தெரிவிக்கவும் செய்தது. "கையெழுத்திடாததால்" என்று எழுதினால் மண்டபத்துக்கு வரும் முதல் வாத்தியாரே பிடித்துவிடுவார்.

இரண்டாவது, பிடிபட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி வேண்டும். இங்கே பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களில் நிறையப் பேர் கோலாலம்பூர் புடு சிறையில்தான் அடைபட்டார்கள். இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்தார்கள். அந்தப் பிரிப்பில்தான் பின்னால் வந்த கதையே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூன்றாவது, "அடிக்கு அஞ்சாமல்". இதை எடுத்துவிடுங்கள். ஜப்பான் பட்டாளத்தில் கன்னத்தில் அறைவதற்கு "பிந்தா" என்று பெயர். அது கைதிகளுக்காகக் கண்டுபிடித்த தண்டனை இல்லை. சார்ஜன்ட் கார்ப்பரலை அறைவான், கார்ப்பரல் சிப்பாயை அறைவான், சிப்பாய் கொரியக் காவலாளியை அறைவான். கொரியன் அறைய மிச்சம் இருந்தவன் கைதி. ஆனால் பிரிட்டிஷ் பட்டாளத்தில் அதிகாரியை அவருடைய ஆட்களின் முன்னால் அறைவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அடி ஒன்றுதான், அடித்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அதன் பொருள் வேறு. வாங்கிவிட்டு அசையாமல் நின்றால் பெரும்பாலும் இரண்டு அறையோடு போகும். கையைத் தூக்கித் தடுத்தாலோ முறைத்தாலோ மூங்கில் கழி வரும், பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கும் சேர்த்து. அப்படியானால் அங்கே யார் ஆண்மகன்? தடுத்தவனா, நின்றவனா?

3. தமிழ் டீச்சர்

தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு நம்மிடமே ஒரு பழைய சாட்சி இருக்கிறது: புறநானூறு 74. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்டான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், காவலர் கொடுக்கவில்லை. பிறகு கொண்டுவந்து நீட்டியபோது கையில் வாங்கியும் குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லி உயிரை விட்டான் என்கிறது அடிக்குறிப்பு. குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் தசைப் பிண்டமாகப் பிறந்தாலும் "ஆள் அன்று" என்று விடாமல் வாளால் கீறும் குடி எங்கள் குடி. அதில் பிறந்த நான் "தொடர்ப்படு ஞமலி" போல, சங்கிலியில் கட்டிய நாய் போல இருந்து, இரந்து உண்பதா என்று கேட்கிறான்.

பலகையின் உச்சியில் இதைப் போட்டால் நம் சனங்களுக்கு உடனே உறைக்கும்.

4. பழைய டிரசர்

டீச்சர், பாட்டு அருமை. ஆனால் அதைப் பலகையின் உச்சியில் போட்டால் கைதிகளைக் கொண்டு ரயில் பாதை போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) முகாம்களில் நடந்ததற்கு நேர்மாறாகிவிடும். அங்கே தண்ணீரை மறுத்தவன் வீரனாகவில்லை. எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்பதில்தான் உயிர் இருந்தது.

1943 மே மாதம் ஆற்றின் மேல்பக்க முகாம்களில் காலரா புகுந்தது. மழைக்காலம் தொடங்கும் நேரம். காலராவில் ஒருவன் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூடப் போகும். காலையில் வேலைக்குப் போனவனை மாலையில் அடையாளம் தெரியாது: கண் உள்ளே போய், விரல்நுனித் தோல் சலவைக்காரர் கை மாதிரி சுருங்கிப்போய்விடும். கிருமி ஆற்றில் வந்தது. மேலே உள்ள முகாமில் கழிப்பிடக் குழி மழையில் நிரம்பி வழிந்தால் கீழே உள்ள முகாமுக்கு அதுவே குடிநீர்.

இதைக் கொல்ல மருந்து வேண்டியதில்லை. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சொல்லச் சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மண் வெட்டுகிறவனுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தாலும் 300 பேருக்கு 1,200 லிட்டர். மண்ணெண்ணெய் டின் ஒன்று நான்கு காலன், சுமார் 18 லிட்டர். ஆக 67 டின். ஒவ்வொரு நாளும், கொட்டும் மழையில், ஈர விறகில். ஆற்றிலிருந்து சேற்று மேட்டில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், ஆற வைக்க வேண்டும், வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பாட்டிலிலும் ஊற்ற வேண்டும். பச்சை மூங்கில் புகையுமே தவிர எரியாது. காய்ந்ததைப் பிளந்து அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே சேர்த்து வைத்தால்தான் மறுநாள் அடுப்பு எரியும்.

எங்கே தவறும் என்றால், மூன்று இடத்தில். பாட்டில் இல்லாதவன் வேலையிடத்தில் ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடிப்பான். கொதித்த நீரைக் குடித்தவனே சாப்பிட்ட தட்டை ஆற்றில் அலசுவான். மூன்றாவது ஈ. அதனால்தான் சோற்று வரிசையில் முதலில் ஒரு குவாலி (இரும்புச் சட்டி) நிறையக் கொதிக்கும் தண்ணீரை வைத்து, தட்டையும் கரண்டியையும் அதில் முக்கிய பிறகுதான் சோறு என்று சட்டம் போட்டார்கள். பசியில் துடிக்கிறவனை வரிசையில் நிறுத்தி "முக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்புவது லேசான வேலை இல்லை.

குழிக்கும் ஒரு முறை இருந்தது. சிங்கப்பூர் சாங்கி முகாமில் மண்துளைக் கருவி கிடைத்ததால் துளைக் கழிப்பிடம் போட்டார்கள். ஆள் விழாத அளவு, ஒன்றரை அடிக்கு உட்பட்ட வாய், கிணறு போல் ஆழம். ஈ இறங்காது, வாய்க்கு மூடி போடலாம். சயாம் காட்டில் கருவி இல்லை, சங்குல் (மண்வெட்டி)தான். நீளக் குழி வெட்டி மேலே மூங்கில் பரப்பி, இடுக்கை மண்ணால் பூச வேண்டும். மழையில் அந்தப் பூச்சு கரைந்து, புழு வெளியே வரும். தினமும் பூசவேண்டிய வேலை அது.

அடுப்பு, தண்ணீர், பாத்திரம், கழிப்பிடம். நம் தோட்டத்து லயத்தில் இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டுமா?

5. லாலாங்

டிரசர் ஐயா கேட்டுவிட்டார்! அதையே பலகையில் போடலாமே. நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் அள்ளியவர்களும் சிப்பாய்கள்தானே.

6. பழைய டிரசர்

ஆமாம். ஒரு காரியத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். மூங்கில் கீறல். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னச் சிராய்ப்பு. சத்தில்லாத உடம்பில் அது சில நாளில் கைப்பிடி அகலப் புண்ணாகும், ஓரம் தடித்து, நடுவே சாம்பல் நிறத்தில் அழுகிய சதை, நாற்றம் குடிசைக்கு வெளியே வரும். அழுகலை எடுத்தால்தான் காலை வெட்டாமல் தப்பலாம். மயக்க மருந்து இல்லை. விளிம்பு தீட்டிய சாப்பாட்டுக் கரண்டிதான் கருவி. ஒருவர் சுரண்ட, நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்: தோளுக்கு இருவர், இடுப்புக்கு ஒருவர், மற்ற காலுக்கு ஒருவர். கத்தினால் கத்தட்டும், கை மட்டும் நழுவக்கூடாது. பிறகு உப்புநீரில் கழுவி, கொதிக்க வைத்த கந்தலால் கட்டுவார்கள். கந்தலைத் துவைத்துக் கொதிக்க வைத்து மறுநாள் அதே காலில். பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் மறுநாள் அதே வேலை.

காலராக்காரனுக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். வடித்த தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு என்பது பாடப்புத்தக அளவு. நாடி விழுந்தவனுக்கு அதைவிடக் கட்டியாகவும் கலந்தார்கள். ஸ்டெதஸ்கோப் ரப்பர் குழாய், ஊசிக்குப் பதில் சீவிய மூங்கில் குழல். கணுக்கால் பக்கம் கீறி ரத்தக்குழாயைத் தேடிச் செருக வேண்டும். தண்ணீர் சுத்தமாக வடியாவிட்டால் ஏற்றிய சற்று நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும் குளிர் வரும்.

7. தண்டவாளம்

வேலைப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்மை என்ற பேச்சு அங்கேதான் ஆளைக் கொன்றது.

ரயில் பாதை சயாமில் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17-ல் கொன்கோய்தாவில் இரு முனையும் சேர்ந்தன. மண்வேலைக்கு அளவு உண்டு: முதலில் ஆளுக்கு ஒரு கன மீட்டர் அளவில் இருந்தது, போகப் போக இரண்டு, அதற்கும் மேல். பாறையில் துளை போட இருவர் ஜோடி. ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் திருப்புவான், மற்றவன் சம்மட்டி. தொடக்கத்தில் ஜோடிக்கு நாளொன்றுக்கு ஒரு மீட்டர் ஆழம் போலத்தான்.

இளவட்டங்கள் செய்த தப்பு என்னவென்றால் மதியத்துக்குள் முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்தது. "பார், எங்களால் முடியும்" என்ற மிதப்பு. பொறியாளன் அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் அளவைக் கூட்டுவான். கூட்டிய அளவு எல்லாருக்கும், சீக்காளிக்கும் சேர்த்து. விவரம் தெரிந்த முகாம்களில் வேகத்தை அடக்கி, கடைசி நேரம் வரை இழுத்தார்கள். பலசாலி பலத்தைக் காட்டாமல் இருப்பதுதான் அங்கே பெரிய உதவி. 1943-ல் வேலையை விரட்டிய "ஸ்பீடோ" காலம் வந்தபோது அதற்கும் வழி இல்லாமல் போனது.

இன்னொன்று சோற்றுக் கணக்கு. சீக்கில் படுத்தவனுக்கு ரேஷன் குறைப்பு, கூலி கிடையாது. சிப்பாய்க்கு நாளைக்குப் பத்து காசு போலக் கூலி. ஒரு வாத்து முட்டை கிட்டத்தட்ட அதே விலை. வேலைக்குப் போனவன் சோற்றையும் அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பங்கையும் பொதுவில் போட்டு நோயாளிக்கு முட்டை வாங்கிய முகாம்கள் உண்டு, வாங்காத முகாம்களும் உண்டு. வித்தியாசம் சாவுக் கணக்கில் தெரியும்.

8. மூணாங்கட்டை

இதெல்லாம் 150 சொல்லில் எப்படி அடக்குவது, அண்ணே! இன்னொரு சந்தேகம். பொடியன்கள் கட்டாயம் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே கேட்கிறேன். ஆண்மை என்றால் நம் ஆட்கள் முதலில் நினைப்பது உடம்பைத்தான். பட்டினியில் அது என்ன ஆயிற்று?

9. பழைய டிரசர்

நல்ல கேள்வி, மறைக்க ஒன்றுமில்லை.

ஆசை போய்விடும். பட்டினியில் மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, ஆண் ஹார்மோன் இறங்கிவிடுகிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவில் மினசோட்டாவில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து பட்டினிச் சோதனைக்கு உட்பட்டார்கள். 24 வாரம், நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கால்வாசி போயிற்று. பெண்களைப் பற்றிய பேச்சு நின்று சாப்பாட்டுப் பேச்சே பேச்சானது, சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை, சிறை வைக்கவில்லை. ஆக, வெறும் பட்டினிக்கே இது நடக்கும். சாங்கியிலும் கைதிகள் நோட்டுப் புத்தகத்தில் சமையல் குறிப்பு எழுதி எழுதி வைத்தார்கள்.

அடுத்தது பி2 சத்து. அது குறைந்தால் வாயோரம் வெடிக்கும், நாக்கு எரியும், விதைப்பைத் தோல் உரிந்து பச்சைப் புண்ணாகும். "சாங்கி பால்ஸ்" என்று அவர்களே கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். நடக்க முடியாது, இனி குடும்பம் நடத்த முடியுமா என்ற பயம் வேறு. தோல் நோய்தான் அது, சத்து கிடைத்தால் ஆறிவிடும். ஈஸ்ட், பச்சைப்பயறு, அப்புறம் நண்பர் லாலாங் சந்தோஷப்படட்டும், லாலாங் புல்! சாங்கியில் புல்லை நறுக்கி இடித்துச் சாறு வடித்துக் கொடுத்தார்கள். குடிக்கக் கசப்பு. பி1-க்குத் தவிடு. தீட்டிய வெள்ளரிசியே சாப்பிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பெரிபெரி: கால் வீங்கும், அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், பிறகு இருதயம். "மின்சாரக் கால்" என்று ஒன்று, இரவில் உள்ளங்கால் எரியும். தூங்க முடியாமல் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது விடுதலைக்குப் பின்னால் வருவது. நல்ல சாப்பாடு கிடைத்துச் சில வாரம், சில மாதம் ஆனதும் சிலருக்கு மார்பு வீங்கி வலித்தது, பெண்ணுக்கு வயதுக்கு வரும்போது வருகிற மாதிரி. அடங்கிக் கிடந்த சுரப்பிகள் ஒரேயடியாக விழித்துக்கொள்கின்றன, நலிந்த ஈரல் பெண் ஹார்மோனைக் கழிக்க முடியாமல் திணறுகிறது. இரண்டாவது முறை பருவம் அடைகிற மாதிரி. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் மூன்றரை வருஷம் தாங்கியவனுக்கு, பிழைத்தோம் என்று மூச்சுவிட்ட நேரத்தில் இது வந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

10. தமிழ் டீச்சர்

டிரசர் ஐயா எழுதியதைப் படித்தபின் உச்சியில் அந்தப் பாட்டைப் போடச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் முழுசாக விட்டுக்கொடுக்க மாட்டேன். பாட்டைத் திரும்பப் பாருங்கள். இரும்பொறை தண்ணீரைக் குறை சொல்லவில்லை. "மதுகை இன்றி வயிற்றுத்தீத் தணியத் தாம் இரந்து உண்ணும்" என்கிறான். அவனுக்கு இழிவு இரப்பதில்தான். முகாமில் தண்ணீரைத் தாங்களே சுமந்து, தாங்களே காய்ச்சியவர்கள் இரக்கவில்லையே.

மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாங்கியிலும் சயாமின் சுங்காய் முகாமிலும் கைதிகள் நாடகம் போட்டார்கள், பெண் வேடமும் ஆண்களே. வெள்ளைக்கார ஆய்வாளர்கள் இதைப் பெரிய புதிராக எழுதுகிறார்கள். நமக்கு என்ன புதிர்? கூத்தில் ஆண்கள்தானே காலங்காலமாகப் பெண் வேடம் கட்டினார்கள்.

11. பழைய டிரசர்

ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சேரன் தனிச்சிறையில் இருந்தான். அவனுக்கு டின் தூக்க வேறு ஆள் இல்லை.

12. பெரட்டு

சரி, நான் பாக்கி வைத்த இந்தியச் சிப்பாய் கதை. இங்கேதான் "மண்டியிடாத" என்ற சொல் வெடிக்கும்.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. 17-ஆம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிடம் ஒப்படைத்தார், ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். மோகன் சிங் 1/14 பஞ்சாப் ரெஜிமென்ட், ஜித்ரா சண்டைக்குப் பின் கெடாவில் சிக்கியவர். அங்கிருந்து பிறந்ததுதான் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.). ஏறக்குறைய பாதிப் பேர் சேர்ந்தார்கள், பாதிப் பேர் சேரவில்லை. அந்த மோகன் சிங்கே ஜப்பானோடு முரண்பட்டு 1942 டிசம்பர் கடைசியில் கைதானார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊரில் நேதாஜி என்றால் தனி மரியாதை, சேர்ந்தவர்களே வீரர்கள் என்று பேசிவிடுவோம். சேராதவர்களில் பல ஆயிரம் பேரை வேலைப்படையாக நியூ கினி, நியூ பிரிட்டன் பக்கம் கப்பலேற்றினார்கள்; பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் செத்தார்கள். கேப்டன் மஹ்மூத் கான் துரானி ஜப்பானுக்கு எதிராக உள்ளிருந்தே வேலை செய்து சித்திரவதைப்பட்டார், 1946-ல் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றார். மறுபக்கம், சேர்ந்தவர்களைப் போருக்குப் பின் பிரிட்டிஷார் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் பிரித்தார்கள். கறுப்பு என்றால் வேலை போயிற்று, பாக்கிச் சம்பளமும் போயிற்று. யார் மண்டியிட்டார்? கேப்பைக் கஞ்சிக்காகச் சேர்ந்தவனும் இருப்பான், நாட்டுக்காகச் சேர்ந்தவனும் இருப்பான், உப்பிட்டவனுக்குத் துரோகம் கூடாது என்று மறுத்தவனும் இருப்பான். பலகையில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சாங்கியில் இருந்த செலராங் படைவீட்டையும் பாருங்கள். 1942 செப்டம்பர் தொடக்கம், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்துப் போட மறுத்ததற்காக 15,000-க்கும் மேற்பட்டவர்களை, சில நூறு பேருக்கான படைவீட்டில் அடைத்தார்கள். தப்பியோடிப் பிடிபட்ட நான்கு பேரைக் கடற்கரையில் சுட்டார்கள்; சுட்டவர்கள் ஐ.என்.ஏ. காவலர்கள். மைதானத்துத் தார்த்தரையை உடைத்துக் கழிப்பிடம் தோண்டினார்கள். வயிற்றுப்போக்கும் தொண்டை அடைப்பானும் பரவும் என்றதும், நிர்ப்பந்தத்தில் இடும் கையெழுத்து செல்லாது என்று சொல்லித் தளபதியே போடச்சொன்னார். பொய்ப்பெயரில் போட்டவர்களும் உண்டு. மண்டியிட்டார்களா? என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் உங்கள் தலைப்புப்படி ஆமாம்.

ஜப்பானியனின் பக்கமும் ஒரு வரி. 1941 ஜனவரியில் வந்த "சென்ஜின்குன்" என்ற போர்முனைக் கட்டளை, உயிரோடு சிறைப்பட்டு அவமானப்படாதே என்றது. ஏறக்குறைய இரும்பொறை பாட்டேதான்! 1944 ஆகஸ்ட் 5-ல் ஆஸ்திரேலியாவில் கௌராவில் ஜப்பானியக் கைதிகள் கும்பலாக முள்வேலியில் பாய்ந்தார்கள். 231 பேர் செத்தார்கள். போர் முடிந்தபின் மலாயாவில் சரணடைந்த ஜப்பானியருக்கு "போர்க்கைதி" என்ற பெயரே இல்லை, "சரணடைந்த படையினர்" என்று தனிப் பெயர். அந்தப் பெயரால் ஒப்பந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போனது.

13. லாலாங்

பெரட்டு அண்ணே, "கேப்பைக் கஞ்சி" மலாயாவில் ஏது? மரவள்ளிக்கிழங்கு என்று சொல்லுங்க.

14. பெரட்டு

சரி சரி, மரவள்ளி.

15. தண்டவாளம்

ஒரு முக்கியமான விடுபடல். பலகை வைப்பது தோட்டத்துச் சனங்கள் வரும் மண்டபத்தில். அவர்கள் கேட்கப்போவது சிப்பாயைப் பற்றி இல்லை, "எங்க ஆளுங்க?" என்றுதான்.

நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்குச் சற்று அதிகம், செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல், அதில் மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர். சாவு மதிப்பீடு 90,000 வரை போகிறது, ஏறக்குறைய பாதி. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், பெயர்ப் பதிவு இல்லை. கைதிகளிடம் பெயர்ப்பட்டியலை ஒளித்துப் புதைத்து வைக்க ஆள் இருந்தது. அதனால்தான் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறை வரிசையாக நிற்கிறது, நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

சிப்பாய் வீரன், கூலி கோழை என்பதால் இந்த வித்தியாசம் வரவில்லை. காடும் வேலையும் காலராவும் இருவருக்கும் ஒன்று. சிப்பாயோடு பட்டாளத்து டாக்டர் இருந்தார், கட்டளையிட அதிகாரி இருந்தார், குழி தோண்டவும் தண்ணீர் காய்ச்சவும் முறை போட்டு ஆள் இருந்தது. தோட்டத்தில் வேலை பிரித்தது ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி, கிராணி (கணக்கர்), வெள்ளைக்காரத் துரை. அந்தத் துரைகளில் பலர் தொண்டர்படையில் சேர்ந்து சிறைப்பட்டு, அதே சயாமில் கோவணத்தோடு "தெங்கோ" என்ற ஆள் எண்ணும் வரிசையில் நின்று இச்சி, நீ, சான் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். மலாயா தெரிந்தவர்கள் என்பதால் எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லவும் முடிந்தது. தொழிலாளர்களிலோ குடும்பத்தோடு போனவர்களும் உண்டு, முகாமில் முறைபோட யாருமில்லை. புருஷன் செத்தால் பெண்டாட்டி, அவள் செத்தால் குழந்தை.

16. தமிழ் டீச்சர்

அதே தோட்டங்களிலிருந்துதான் 1943-ல் ஐ.என்.ஏ.யின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கும் பெண்கள் போனார்கள், கேப்டன் லட்சுமி தலைமையில். "ஆண்மை" என்று பெரிய எழுத்தில் போட்ட பலகைக்கு எதிரே அவர்கள் படமும் மாட்டப்போகிறீர்களா, மூணாங்கட்டை தம்பி?

17. மூணாங்கட்டை

ஆறாவது பலகை அவர்கள்தான் டீச்சர். நேர் எதிரே. இப்போதுதான் உறைக்கிறது.

திரும்பி வந்த பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரே ஒரு வரி வேண்டும், யாராவது?

18. பழைய டிரசர்

இரண்டு வரி தருகிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலையான பிரிட்டிஷ் கைதிகளுக்கு, முகாமில் பட்டதைப் பத்திரிகைக்காரரிடம் பேச வேண்டாம், செத்தவர்களின் குடும்பத்துக்கு வேதனையாகும் என்று துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். பலர் பெண்டாட்டியிடம்கூடப் பேசவில்லை. இன்னொன்று, வெறுங்காலில் சேற்றில் நின்றவர்களின் தோல் வழியே புகுந்த ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்ற நூல்புழு பல பத்தாண்டு கழித்தும் உடம்பில் உயிரோடு இருந்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கண்டார்கள். இடுப்பிலும் பிட்டத்திலும் வந்து வந்து மறையும் கோடுபோன்ற தடிப்புதான் அடையாளம். வேறு நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு பெருகி ஆளையே முடித்துவிடும், அதனால்தான் பரிசோதித்தார்கள்.

19. மூணாங்கட்டை

இரண்டாவது நகல். தலைப்பு "67 டின்".

"1942 ஜனவரி 7-ல் துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே 3,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். பலர் புடு சிறைக்கும், பிறகு சயாம் ரயில் பாதைக்கும் போனார்கள். இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்தார்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள். சயாமில் 1943 மே மாதம் காலரா வந்தது. 300 பேர் முகாமுக்கு ஒரு நாளைக்கு 1,200 லிட்டர் தண்ணீர் காய்ச்ச வேண்டும்: 67 மண்ணெண்ணெய் டின். சுமந்தவர்கள், விறகு பிளந்தவர்கள், புண்ணைக் கழுவியவர்கள், சுரண்டும்போது பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் சிப்பாய்கள். கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். டாக்டரும் முறைபோட ஆளும் இல்லாத, தோட்டத்து ஆட்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு."

ஓரத்தில் சின்ன எழுத்தில் புறநானூறு 74, பொருளோடு. பலகைக்குக் கீழே ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்.

20. தண்டவாளம்

ஒரு டின் போதாது. இரண்டு டின், நடுவே தோளில் வைத்துச் சுமக்கும் காண்டா கம்பு, இரண்டிலும் தண்ணீர். 36 கிலோ. வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கட்டும்.

21. பெரட்டு

"பலர் புடு சிறைக்கும்" என்பதற்கு முன்னால் "பிரிட்டிஷ் சிப்பாய்களில்" என்று சேருங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் என்று படிக்கிறது. டின்னைப் பாதிதான் நிரப்புங்கள், மண்டபத்தில் மொசைக் தரை, சிந்தினால் வழுக்கும். பாட்டிமார்கள் வருவார்கள்.